பதினோரு மென்பொருள், ஒரு நாவல்

“நாவல் போச்சு” என்றான் அனிபால். சாப்பாட்டு மேஜையில் திறந்து கிடந்த கம்ப்யூட்டரை, பிணத்தைக் காட்டுவதுபோல் காட்டினான்.

பதிப்பாசிரியை கிரிசெல்டா நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்தாள். அனிபாலின் ‘இன்று, நாளை’ சாக்கை மூன்று வருடமாகக் கேட்டு வருபவள். இன்று நாவல் இல்லாமல் அவள் திரும்பினால் ஒப்பந்தம் ரத்து. ஏப்ரல் புத்தகக் கண்காட்சிப் பட்டியலில் அனிபால் பெரெய்ரா என்ற பெயர் இருக்கும் இடத்தில் வேறு பெயர் ஏறிவிடும்.

“எப்படிப் போச்சு?”

“நேத்துப் புது மென்பொருளுக்கு மாத்தினேன். அத்தியாயத்தையெல்லாம் அட்டை அட்டையா சுவத்துல ஒட்டின மாதிரி காட்டும். மாத்தும்போது முழுங்கிடுச்சு.”

“அதுக்கு முந்தி எதுல எழுதினீங்க?”

“கவனம் சிதறாம இருக்கத் திரையைக் கறுப்பாக்குற ஒண்ணு. அதுக்கு முந்தி, மழைச் சத்தம் போடுற ஒண்ணு. அதுக்கும் முந்தி, பத்து நிமிஷம் சும்மா இருந்தா எழுதினதையெல்லாம் அழிச்சிடுற ஒண்ணு.”

“அது உங்களுக்கு நல்லாவே வேலை செஞ்சிருக்கும்.”

அனிபாலின் மனைவி நெலிதா வெந்நீர் பிளாஸ்க்கும், மாத்தே என்ற இலைத் தேநீர்க் குடுவையுமாக வந்து உட்கார்ந்தாள். பல் டாக்டரிடம் மதியத்துக்கு மேல் வரவேற்பு வேலை அவளுக்கு. இன்று சனிக்கிழமை, விடுமுறை. எல்லாருக்கும் அந்த ஒரே குடுவைதான், நிரப்ப நிரப்ப முறைப்படி சுற்றி வரும். முதல் குடுவையை வழக்கப்படி தானே உறிஞ்சிவிட்டு, அடுத்ததை விருந்தாளிக்கு நீட்டினாள். அதற்கடுத்தது புருஷனுக்கு.

“தள்ளுங்க வாத்தியாரே” என்றாள் கிரிசெல்டா. “கடைசி நாள்ல நாவலைத் தொலைச்ச பதினாலு பேரைப் பார்த்துட்டேன். நானே தேடுறேன்.”

“வேணாம், வைரஸா இருக்கும்.”

“எனக்குத் தொத்தாது.”

நாற்காலியை இழுத்துப் போட்டவள், கீபோர்டைப் பார்த்ததும் நின்றாள். பாதிப் பொத்தான்களில் எழுத்தே இல்லை. தேய்ந்து வழவழவென்று கிடந்தன.

“அட, உழைச்சிருக்கீங்களே.”

அனிபாலும் குனிந்து பார்த்தான்.

“என் மளிகை லிஸ்ட் அதுல இருக்கு” என்றாள் நெலிதா. “அதை மட்டும் அழிச்சிடாதீங்க.”

“இங்க உலகமே இடிஞ்சு கிடக்கு, இவளுக்கு வெங்காயக் கவலை” என்றான் அனிபால்.

கிரிசெல்டா மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் தலைப்பு இருந்தது, ஆசிரியர் பெயர் இருந்தது, காணிக்கை இருந்தது.

“‘என்னைப் புரிந்துகொள்ளாதவர்களுக்கு.’ பதினோரு தடவை காணிக்கை ஆக்கியிருக்கீங்க.”

“அதுக்குக் கீழ இருந்ததுதான் போச்சு.”

“சரி, கடைசியா ஒரு வழி இருக்கு. பேரை விட்டுட்டு எடையைப் பார்ப்போம்.”

கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை கோப்புகளையும் அளவு வாரியாக அடுக்கினாள். எழுத்துக் கோப்புகளில் எல்லாவற்றையும் விடப் பெரியதாக முதலில் வந்து நின்றது, மளிகை லிஸ்ட். கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த வெறும் நோட்பேடில் அடித்தது.

“அச்சுல முந்நூறு பக்கம் வரும். அப்படி என்ன மளிகை வாங்குறீங்க?”

திறந்தாள். முதல் பத்தியைப் படித்தாள். கைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். நாலாம் பக்கத்தில் சத்தமாகச் சிரித்தாள். பத்தாம் பக்கத்தில் சிரிக்கவில்லை. குடுவை அவள் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. மாத்தேயை இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டால் யாராயிருந்தாலும் திட்டு விழும். நெலிதா திட்டவில்லை.

“வாத்தியாரே, இதை ஏன் இந்தப் பேர்ல ஒளிச்சு வச்சீங்க?”

அனிபால் திரையைப் பார்த்தான். நெலிதா பக்கம் திரும்பவில்லை.

“திருட்டுப் பயம்” என்றான். “எவன் வந்து மளிகை லிஸ்ட்டைத் திறக்கப் போறான்?”

“எழுதாத எழுத்தாளன் ஒருத்தன், மென்பொருள் மாத்தி மாத்தியே காலத்தை ஓட்டுறான். பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருக்கா. உங்களையே இப்படித் தோலுரிச்சிருக்கீங்க, சரி. அவ மனசுக்குள்ள ஓடுறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கூர்ந்து கவனிப்பேன்.”

அவன் முகத்துக்கு ரத்தம் திரும்பியிருந்தது. ஒரு கையை நாற்காலி முதுகில் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். “எந்த மென்பொருள்லே எழுதினேன்னு முன்னுரையில போட வேண்டாம். நோட்பேடுன்னா மரியாதையா இருக்காது.”

கிரிசெல்டா குடுவையைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தாள். பென்டிரைவைச் செருகிக்கொண்டே கோப்பின் கடைசிக்குப் போனவள், நெற்றியைச் சுருக்கினாள்.

“கடைசி அத்தியாயம் தலைப்போட நிக்குதே. ‘அவன் செய்த ஒரே காரியம்.’ கீழ ஒண்ணுமே இல்ல. என்னதான் செய்யறான்? முடிவு என்ன?”

அனிபால் விட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான்.

நெலிதா குடுவையில் வெந்நீர் ஊற்றினாள். இப்போது அனிபாலின் முறை. அவன் கையை நீட்டினான். குடுவை அந்தக் கையைத் தாண்டி, மறுபடி கிரிசெல்டாவிடமே போனது.

“முடிவு எனக்கு இப்பத்தான் கிடைச்சுது” என்றாள் நெலிதா.