தாள் 37

"முப்பத்தாறு" என்று எண்ணி முடித்தார் தணிகாசலம்.

ஆவணக் காப்பகத்தில் தாள்கட்டைக் கொடுக்கும்போது ஒருமுறை, திரும்ப வாங்கும்போது ஒருமுறை அவர் தாள்களை எண்ணுவார்.

"முப்பத்தாறு தாளு. நல்லா பாத்துக்கம்மா. ஒண்ணு கொறைஞ்சாலும் என் பென்ஷன்லதான் கை வெப்பாங்க."

அவள் தலையாட்டினாள்.

அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பு இப்படி இருந்தது: கட்டு 114, தாள் 37.

அப்படி ஒரு தாள் கிடையாது. எண் அவளே போட்டது.

தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய ஒரு முகாமின் பதிவேடு அது. தாள் 9இல் ஒரு வரி. குப்பாயி, வயது 22, கைக்குழந்தை 1. அடுத்த வாரத்தின் தாள் 14இல் குப்பாயி இருக்கிறாள். குழந்தைக்கான கட்டம் காலி.

அவ்வளவுதான்.

எட்டு மாதம் அந்தக் காலிக் கட்டத்தையே சுற்றி வந்தாள். பிறகு ஒரு மதியம் எழுதினாள்.

குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. அதன் பங்குக் கஞ்சிக்காக, தாய் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அதை இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

எழுதும்போது அழுதாள். அழுத பிறகு அது கற்பனை என்று தோன்றவில்லை.

நெறியாளர் அந்த வரிகளைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்.

"இது போதும்மா, கமிட்டி வாயே திறக்காது. திங்கக்கிழமை அந்தத் தாளோட நகல மட்டும் கொண்டு வந்துடு."

இன்று வெள்ளி.

கட்டை மேசைக்குக் கொண்டுபோனாள். வேறு ஏதாவது ஒரு தாளின் தலையில் அந்த இரண்டு வரிகளைக் கட்டிவிட முடியுமா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

முப்பத்தாறைப் புரட்டினாள்.

கீழே இன்னொரு தாள் இருந்தது.

மூலையில் 37.

அதே குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து. துருப்பிடித்தது போன்ற அதே மை. முப்பத்தாறின் நடுவில் பூச்சி அரித்திருந்த துளை, இதிலும் அதே இடத்தில் தொடர்ந்தது.

படித்தாள்.

மேற்படி குப்பாயியின் குழந்தை மூன்றாம் நாள் மரித்துப் போயும், ஒருவருக்கும் தெரிவிக்காமல் இரண்டு நாள் இடுப்பில் வைத்திருந்து, அதன் பங்குக் கஞ்சியும் வாங்கி வந்ததாக ஏற்படுகிறது.

நிமிர்ந்தாள். எதிர் மேசையில் ஒருவர் நில வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நகல் கேட்கும் படிவம் மேசையிலேயே கிடந்தது. கட்டு எண் எழுதினாள். தாள் எண் எழுதினாள். நெறியாளர் நகல் கேட்டதிலிருந்து அடைத்திருந்த மூச்சு மெல்ல வெளியேறியது.

கையெழுத்துப் போடும் முன் இன்னொரு முறை தாளைப் பார்த்தாள்.

கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது.

ஆகையால் நாளது தேதி முதல் தாயின் கஞ்சியும் நிறுத்தலாயிற்று.

அதை அவள் எழுதவில்லை.

ஆனால் அவள் எழுதிய இரண்டு வரிகளால் வந்தது.

பிறகு பையிலிருந்து நான்காம் அத்தியாயத்தை எடுத்தாள். சிவப்புக் கோட்டின் மேல் பென்சில் சரியாகப் பதியவில்லை. அழுத்தி அடித்தாள். இரண்டு வரிகளையும். அடிக்குறிப்பையும்.

படிவத்தை நான்காகக் கிழித்தாள்.

தணிகாசலம் விரலை ஈரமாக்கிக்கொண்டு எண்ணினார். அவள் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தஞ்சு. முப்பத்தாறு. சரியா இருக்கு."

நாடாவை முடிச்சுப் போட்டார்.

"அண்ணா, தாள் பதினாலு மட்டும் ஒருதடவ பாத்துக்கட்டுமா?"

"கட்றதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதா தாயி? இதோட இன்னிக்கு எத்தினி முடிச்சு!"

அவிழ்த்துக் கொடுத்தார்.

குப்பாயி, வயது 22.

குழந்தைக்கான கட்டத்தில் 1 இருந்தது. பழைய மை. ஓரம் பழுத்திருந்தது.

தன் நோட்டைத் திறந்தாள். முதன்முறை இதே தாளைப் பார்த்து அவள் பென்சிலில் எடுத்த நகலில், அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

திங்கட்கிழமை கமிட்டி முன்னால் வைக்க அவளிடம் இனி நான்காம் அத்தியாயம் இல்லை.

"வேற எதாச்சும் எடுக்கணுமா? மூணு மணிக்கு மேல கட்டு குடுக்க மாட்டோம்."

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கிணறு இருந்தது. அதில் எத்தனை பேர் குதித்தார்கள் என்பதற்கும் அவளே ஓர் எண் போட்டிருந்தாள். அடிக்குறிப்பில் கட்டு 88.

கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் இருந்தது.

"கட்டு எண்பத்தெட்டு" என்றாள். "கொஞ்சம் சீக்கிரம்ணா."