குடைக்கு வந்த அவசியம்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

போகிக்கு முதல் நாள் கோமளா பழைய சாமான்களை வாசலில் குவித்தாள். "அவசியமில்லாததை எல்லாம் நாளைக்கு எரிச்சிடலாங்க" என்றாள் கணவனிடம். குவியலிலிருந்த குடை நடுங்கியது. பக்கத்தில் கிடந்த கிழிந்த பாயிடம் கேட்டது.

"பாயக்கா, அவசியம்னா என்ன?"

"முதல்ல நம்ம வசத்துல இல்லாததை அப்படிச் சொன்னாங்கடி. பசி, தாகம் மாதிரி. அப்புறம் சோறு, தண்ணின்னு ஆச்சு."

"இப்போ?"

"அடுத்த வீட்டுல எது இருக்கோ, அது."

குடை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. காற்றடித்ததும் விரிந்து, சுவரைத் தாண்டிப் பறந்து, அடுத்த வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டது.

சாயங்காலம் கோமளா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அவங்க குடை எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. நமக்கும் அவசியம் ஒண்ணு வாங்கணும்."

அதைக் கேட்ட பாய், தன்னைச் சுருட்டிக்கொண்டு சுவரை நோக்கி உருண்டது.