ஒரு சுத்துப் பெரிய ஓட்டை

"நாலுல ரெண்டு ஓட்டை மட்டும் ஒரு சுத்துப் பெருசா இருக்கணும் கன்னியப்பா. பாத்தா தெரியக் கூடாது."

தெயோ இதைக் காதோடு காதாகச் சொன்னார். பக்கத்து ஷெட்டில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அந்த நேரத்துக்கு அவர் கத்திச் சொல்லியிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது.

தெயோ பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரி குருசுக்குப்பத்து வீட்டில் அவரும் மனைவி க்ளெமான்ஸும் தினமும் சாயங்காலம் கேரம் ஆடுவார்கள். தோற்றவர் மறுநாள் காலையில் நடந்துபோய் ரொட்டி வாங்கி வர வேண்டும். பழைய போர்டு மழையில் ஊறி உப்பிவிட, புதிது செய்யத் தச்சன் கன்னியப்பனிடம் வந்திருந்தார்.

"மதாமுக்குத் தெரியுங்களா?"

"தெரிஞ்சா அவ ஆடவே மாட்டா. நீ வாயத் தொறக்காத."

போர்டைச் சுவரில் மாட்டக் கொக்கி வைப்பதற்காகக் குறித்திருந்த பக்கத்தைத் தெயோ தடவினார். "இங்கதான் நான் உக்காருவேன்" என்றபடி, மூக்கு பலகையில் உரசுகிற மாதிரி குனிந்து, அந்தப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் பெருக்கல் குறி போட்டார். ஒரு குறி மூலையை விட்டு எங்கோ போய் விழுந்தது.

கன்னியப்பனுக்கு மனசு கசந்தது. நாலு தெரு நடந்து ரொட்டி வாங்கச் சோம்பல். அதற்குக் கட்டின பெண்டாட்டியையே ஏமாற்றுகிறாராம். பெரிய மனுஷன்!

ஆனாலும் ஓட்டை போடுவது என்றால் அவனுக்கு ஒரு மயக்கம் உண்டு. அப்போது கோபம்கூட நிற்காது.

துளை போடும் மெஷினில் தட்டை பிட்டைப் போட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் அடிப்பக்கம் வெளியே வரும்போது சிலும்பைப் பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த இடத்தில் யாருக்கும் விரல் போகும், விரல் போனால் அளவும் தெரிந்துபோகும். அதனால் விளிம்பை முதலில் வட்டமாக அறுத்துக்கொண்டு இறங்குகிற ஃபோர்ஸ்ட்னர் பிட்டை எடுத்தான். அதிலும் வழக்கமானதை விட்டுவிட்டு ஒரு சைஸ் பெரியது. அடியில் கழிவுப் பலகை ஒன்றை முட்டுக் கொடுத்து இறுக்கினான்.

மெஷின் மெல்ல முனகியது. மரத்தூள் வெயிலில் எழும்பி, கீழே இறங்க மனசில்லாமல் மிதந்தது. அவனும் கூடவே கொஞ்சம் மிதந்தான். முடிந்தபோது இரண்டு ஓட்டைகளின் விளிம்புகளும் வழுவழுவென்று இருந்தன.

சாப்பிட்டுவிட்டு மரத்தூள் மூட்டையில் சாய்ந்தான். கண் சொக்கியது. கனவில் கடல் ஒரு பெரிய கேரம்போர்டாகப் பளபளத்தது. அதன்மேல் க்ளெமான்ஸ் மதாம் கையில் ரொட்டியோடு நடந்துகொண்டே இருந்தார். அவர் நடக்க நடக்க வீடு தள்ளித் தள்ளிப் போனது. நின்று திரும்பி, "பாக்கெட்டு போட்டாச்சாப்பா?" என்று கேட்டார்.

விழித்துப் பார்த்தால் எதிரே நிஜமாகவே மதாம்.

"பாக்கெட்டு போட்டாச்சாப்பா?"

"ரெ... ரெண்டு போட்டுட்டேன் மதாம். இன்னும் ரெண்டு இருக்கு."

சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "மதாம், ஒரு விஷயம்..."

"இரு, நான் வந்ததச் சொல்லிடுறேன். அவருக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல. குறி தப்பிடுது. தோத்துட்டு, காத்துல காய் நகந்திடுச்சின்றாரு. அந்த மூஞ்சப் பாக்க முடியலப்பா. அவரு பாக்கெட்டு ரெண்டையும் கொஞ்சம் பெருசாப் போட்டுடு. அவருகிட்ட சொல்லிடாத."

"அதான் போட்டு..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். மதாமின் பென்சில் ஓட்டை போடாத மூலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மதாம், முசியே உக்கார்ற பக்கம் இதுதானே? அப்ப இந்த ரெண்டும்தானே அவரோடது?"

"நீ கேரம் ஆடினதே இல்லியா? கைகிட்ட இருக்கிற பாக்கெட்டுல எவன் காய் போடுவான்? அவருக்கு எதிர்ல இருக்கிறதுதான் அவரோடது. அவருகிட்ட இருக்கிற அந்த ரெண்டும் என்னோடது. அதுல கை வெக்காத, அது அப்படியே இருக்கட்டும்."

கன்னியப்பன் கதவும் ஜன்னலும் செய்தே காலத்தைக் கழித்தவன். கேரம் ஆடியதே இல்லை.

மதாம் குறி போட்டார். பென்சில் பலகையில் தடதடவென்று அடித்தது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டும் கோடு நெளிந்துதான் வந்தது.

"காய்ச்சல் வந்ததுலேந்து இப்பிடித்தான். ஆட்டத்தையே வுட்டுடலாம்னு பாக்குறேன். அவருதான் வுட மாட்டேன்றாரு" என்று சிரித்தார்.

கன்னியப்பன் அந்த நெளிந்த கோட்டையும், மூலை தப்பி விழுந்திருந்த தெயோவின் குறியையும் மாறி மாறிப் பார்த்தான். மதாம் ஜெயிக்கட்டும் என்று கேட்ட மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"போட்டுடுறேன் மதாம்" என்றான்.

பிட்டை மாற்ற வேண்டிய வேலை இல்லை. மெஷினில் அதே பிட்தான் இருந்தது.

போர்டை வாங்கிப்போக இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தெயோ ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுச் சுற்றினார்.

"சுத்தமா இருக்கு. நாலும் ஒரே அளவுதானப்பா?"

"நாலும் ஒரே அளவுதாங்க முசியே."

தெயோ அவனைப் பார்த்து ரகசியமாகக் கண்ணடித்தார். க்ளெமான்ஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நமக்காக எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறான் என்று இருவருக்கும் தனித்தனியே சந்தோஷம்.

கன்னியப்பன் சொன்னது நிஜம்.