போட்டி வாத்தியார்

அறிவியல் ஆசிரியர் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைச் சோபாவில் எறிந்தார்.

"இன்னிக்கும் அவன்கிட்ட தோத்துட்டேன்."

"யார்கிட்ட?" என்றாள் மனைவி.

"ஸ்மார்ட் போர்டுல வர்றானே, அந்த வாத்தியார்கிட்டதான். காந்தப் பாடத்தை அவன் நடத்தினா, பிள்ளைங்க எல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்க்குதுங்க. 'புரியலையா? சரி, இன்னொரு தடவை பார்க்கலாம்'னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். நடுவுல நிறுத்திட்டு நான் ரெண்டு வார்த்தை பேசினா, 'சார், வீடியோவைப் போடுங்க சார்'னு கத்துதுங்க."

"விடுங்க. அந்த ஆள் உங்களை விடக் கெட்டிக்காரரா இருப்பார்."

"என்னை விடவா? அது நானேதான்! லீவுல நீ போன்ல எடுத்துக் குடுத்தியே, அந்த வீடியோ. அதைத்தான் வகுப்புல போடறேன்."

மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதே. அதே மூஞ்சி, அதே சட்டை, அதே காந்தம். அவன்கிட்ட மட்டும் அப்படி என்னதான் இருக்கு?"

"அன்னிக்கு எதிர்ல நான் நின்னேன். புரியலை, புரியலைன்னு தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்லிக் குடுத்தீங்க. வகுப்புல யார் மூஞ்சியைப் பார்க்கிறீங்க?"

ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார்.

"அவன் மூஞ்சியைத்தான்."