எட்டாத காது

"கழுத்த வளைக்காத. வளைச்சா யாருக்கு வேணும்னாலும் எட்டும். நிமிர்ந்து நில்லு" என்றார் பள்ளிக்கூட வாத்தியார் உஸ்தாத் இத்ரீஸ்.

சித்னா நிமிர்ந்தாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடப் பார்த்தாள். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. இன்னும் ஒரு பேரீச்சம்பழ அகலம் பாக்கி.

பக்கத்தில் நின்ற தாய் மதீனா அந்த இடைவெளியையே பார்த்தாள்.

சூடானில் கஸ்ஸலா மலைக்குக் கிழக்கே அந்த ஊரில் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? மழை பொய்த்த வருஷம், ஒட்டகம் செத்த வருஷம் என்றுதான் பேச்சு. அதனால் பிள்ளைக்குப் பள்ளி வயசு வந்துவிட்டதா என்று கையும் காதும்தான் சொல்ல வேண்டும். எட்டினால் முதல் வகுப்பு. எட்டாவிட்டால் வீட்டுக்கு.

போன வருஷமும் சித்னாவுக்கு எட்டவில்லை. இந்தத் தடவை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து மதீனா தினமும் பழக்கினாள். கழுத்தைத் துளி சாய்க்கவும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பழைய உஸ்தாத்துக்குப் பார்வை மங்கல், கண்டுகொள்ள மாட்டார் என்று ஒரு நப்பாசை. அந்த மனுஷன் மாற்றலாகிப் போய், வந்து வாய்த்ததோ இந்தக் கழுகுக்கண்காரர்.

இவருடைய லட்சணத்தைச் சற்று முன்னால்தான் பார்த்திருந்தாள்.

சித்னாவுக்கு முன்னால் நின்ற பையனுக்கும் எட்டவில்லை. அவனுடைய அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பெரிய வெள்ளம் வந்த வருஷம் பொறந்தவன் உஸ்தாத், எட்டு வயசாகுது" என்று சொல்லித் தொலைத்தாள்.

"எட்டு வயசாகியும் எட்டலையா? அப்ப தலைக்குள்ளயும் ஒண்ணும் ஏறாது. வீணா எடத்த அடைக்க வேணாம். ஆடு மேய்க்கப் பழக்கு."

அவ்வளவுதான். அந்தப் பையன் படிப்பு முடிந்துபோயிற்று.

சித்னா இன்னும் கையை இறக்கவில்லை. விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த மதீனாவின் மகன் ஓகிர், அவளைப் போலவே தன் கையையும் தலைக்கு மேல் போட்டான். காது விரலுக்குள் சிக்கியது. அதைப் பிடித்து இழுத்து நாக்கை வேறு நீட்டினான்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அட, இந்தப் பயலப் பாரு!" உஸ்தாத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவனை அவள் பக்கத்தில் நிறுத்தினார். அவளைவிட அவன் நாலு விரல் உயரம். "அண்ணன் உள்ள வரட்டும். தங்கச்சிய அடுத்த வருஷம் கூட்டிட்டு வா."

சித்னா கையை இறக்கினாள். அவளுக்கு எப்போதுமே பேச்சு கோத்துக்கொண்டு வர நேரமாகும். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"நான் தங்கச்சி இல்ல. நான்... நான் அக்கா."

வாசல் வரை சிரிப்பு. உஸ்தாத்துக்கு வயிறு குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மதீனாவைப் பார்த்தார். "ஏம்மா, அப்படியா?"

மதீனா சேலைத் தலைப்பை வாய்மேல் இழுத்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

"சின்னப் புள்ள உஸ்தாத். வாய்க்கு வந்ததச் சொல்லுது."

பெற்றவள் வாயால் சொன்ன பொய். சித்னாதான் மூத்தவள். பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவள் அவளும்தான். உண்மையைச் சொன்னால் அந்தப் பையன் போன வழியே போக வேண்டும். பொய் சொன்னால் அடுத்த வருஷம் என்று ஒன்றாவது மிச்சமிருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. மூத்தது ஏன் இப்படிக் குன்றிப்போயிற்று என்று யாராவது கேட்டால் அவள் என்னவென்று சொல்வாள்?

சித்னா தவழ்ந்துகொண்டிருந்தபோதுதான் ஓகிர் வயிற்றில் வந்தான். வயிற்றில் ஒன்று தரித்துவிட்டால் மார்ப்பால் நஞ்சாகிவிடும், மூத்ததைக் கொன்றுவிடும் என்றார்கள் ஊர்ப் பெண்கள். அன்றைக்கே மதீனா காம்பில் கற்றாழைச் சாற்றைத் தடவினாள். பிள்ளை வாய் வைத்தது. கசந்து அழுதது. அழுதுவிட்டு மறுபடியும் வாய் வைத்தது. பிறகு அதற்குச் சோளக்களி கரைத்த தண்ணீரும் சர்க்கரை போட்ட டீயும்தான். பிள்ளை உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் பாவி அதைச் செய்தாள். பிறந்தவன் இரண்டு வருஷம் வயிறாரக் குடித்தான்.

உள்ளே ஓகிரின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவன் அதற்குள் முன்வரிசைப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

மதீனா சித்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. கிணற்றடியில் பிள்ளையின் நடை தளர்ந்தது. அழப்போகிறாள் என்றுதான் தாய் நினைத்தாள்.

அவள் அழவில்லை. நின்று அண்ணாந்து பார்த்து, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"யம்மா, வீட்லயும் நான் தங்கச்சிதானா?"