சீனச் சம்பந்தி

“விமலா, சம்பந்தி வந்திட்டார்! வடையைக் கொண்டு வாரும்!” என்று கத்தியபடியே, வாசலில் நின்றவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார் செல்வரட்ணம்.

மகள் கஜந்தி காதலிக்கும் சீனப் பையனின் தகப்பன் இன்று டென்மார்க்கின் ஒடென்சே நகரில் உள்ள இவர்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்காகவே செல்வரட்ணம் சீனர்களின் பழைய குறிநூலையும், பின்னாளில் புதுக் கன்பூசியர்கள் என்ற தத்துவவாதிகள் அதற்கு எழுதிய உரைகளையும் கரைத்துக் குடித்திருந்தார். சம்பந்தி அசந்துபோக வேண்டும். கல்யாணம் இன்றே முடிவாக வேண்டும்.

வந்தவர் சோபாவின் நுனியில் அமர்ந்தார். “நான் எதற்கு வந்தேன் என்றால்...” என்று டேனிஷில் தொடங்கினார்.

“தெரியும், தெரியும்! அதை ஆறுதலாகப் பேசலாம்.” செல்வரட்ணமும் டேனிஷில் பொழிந்தார். “உங்கள் குறிநூலைக் காசு சுண்டிச் சோதிடம் பார்க்கிற புத்தகம் என்று உலகம் நினைக்கிறது. புதுக் கன்பூசியர்கள் என்ன சொன்னார்கள்? அது மனிதன் தன்னைத் திருத்திக்கொள்கிற நூல்! எதையும் மேலோட்டமாகப் பார்த்து முடிவு கட்டாதே, ஆராய்ந்து பார் என்றார்கள். இல்லையா?”

“எனக்கு அதெல்லாம்...”

“என்ன அடக்கம்! பாரும் விமலா, இதுதான் சீனப் பண்பாடு!”

“அந்த மனுசனையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோவன்,” என்றாள் விமலாதேவி, வடைத் தட்டை வைத்தபடி.

“தண்ணீர்...” என்றார் வந்தவர் அவசரமாக.

விமலாதேவி குசினிக்கு ஓடினாள். செல்வரட்ணம் துள்ளினார்.

“சரியாகத் தொட்டீர்கள்! தண்ணீர், அந்த நூலில் ஆபத்தின் குறி. சாதாரண ஆள் பதறுவான். புதுக் கன்பூசியன்? மனதை நேராக வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான்!”

வந்தவரும் அசையவில்லை. அவருடைய முழங்காலைச் செல்வரட்ணம் அழுத்திப் பிடித்திருந்தார்.

கைபேசி அடித்தது. கஜந்தி.

“அப்பா, ரயில் பிந்திப்போச்சு. நாங்கள் இப்பவும் பிரெடெரிசியாவிலதான் நிக்கிறம். அங்கிளும், அதுதான் இவற்ற அப்பாவும், எங்களோடதான் நிக்கிறார். அவர் வந்தா, தயவுசெய்து கனக்கக் கதைச்சுப் போடாதேங்கோ!”

செல்வரட்ணத்தின் கை முழங்காலை விட்டு மெல்ல எழுந்தது.

“அப்படியென்றால்... நீங்கள் சீனர்தானே?”

“கொரியாவில் பிறந்தேனாம். கைக்குழந்தையிலேயே இங்கே டென்மார்க்கில், யூலாந்துப் பக்கத்து பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் தத்தெடுத்துவிட்டார். பெயர் ஜென்ஸ்,” என்று எழுந்தார் வந்தவர். “நேற்றுத்தான் கீழ்வீட்டுக்குக் குடிவந்தேன். உங்கள் குளியலறைத் தண்ணீர் என் கட்டிலில் கொட்டிக்கொண்டிருக்கிறது!”