நாற்பது மைல் வேகம்

அச்சம் என்ற சொல்லைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அறியாதவர் இயக்குநர் வெர்னன் ஹாஸ்கெல். கலிபோர்னியா வெயிலில், பெரிய குடையின் நிழலில், எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சியபடி இதை அவரே அறிவித்தார்.

எதிரே கடிவாளத்தைப் பிடித்தபடி ஸ்டன்ட்காரன் ஓரின் டட்டில் நின்றிருந்தான். குதிரையிலிருந்து ஓடும் ரயில் பெட்டியின் ஏணிக்கு அவன் தாவ வேண்டும். ஒத்திகையில் இரண்டு முறையும் ரயில் குதிரையைத் தாண்டிப் போய்விட்டது.

"சார், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. கை நழுவினா கால் போயிடும்."

"நான் ஸ்டன்ட்காரனா இருந்தப்போ இதே தாவல்தான். நாற்பது மைல் வேகம்! நாடே பாத்துச்சு. நான் குறைக்கச் சொன்னேனா?"

நாடு பார்த்தது உண்மைதான். அந்த ஒரு தாவல்தான் அவரைக் கதாநாயகனாக்கியது, பிறகு இயக்குநராக்கியது. பிறந்தநாள்தோறும் அந்த மௌனப் படத்தை விருந்தினருக்குப் போட்டுக் காட்டுவார். புழுதி பறக்கும், ரயில் பாயும், தண்டவாளத்தோரம் கோழிகள் தையல் மிஷின் மாதிரி கொத்தும், அவர் தாவுவார். கைதட்டிய பிறகுதான் சாப்பாடு.

"வேணும்னா எம்மெட்டைக் கேளு. படம் பிடிச்சவனே அவன்தான்!"

கிழவர் எம்மெட் கேமரா மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஆமா, நான்தான் பிடிச்சேன்" என்றார்.

"பயமா இருந்தா வீட்டுக்குப் போப்பா. கேட்டுக்கு வெளியே இருபது பேர் வேலை கேட்டுத் தொப்பியோட நிக்கிறாங்க" என்றார் ஹாஸ்கெல்.

ஓரின் குதிரை ஏறினான்.

ரயில் வந்தது. தாவினான். விரல்கள் ஏணியைத் தொட்டன, பிடிக்கவில்லை.

பலகையில் கிடத்தி லாரிக்குத் தூக்கியபோது அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் துணிச்சலே இல்ல" என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்தவனைக் கூப்பிடப் போனார் ஹாஸ்கெல்.

பலகையின் ஓரத்தைப் பிடித்தபடி எம்மெட் கூடவே நடந்தார்.

"கடைசி நொடியில பயந்துட்டேன் போல, அண்ணே" என்றான் ஓரின். "அவரால முடிஞ்சுதே."

எம்மெட் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீ பயப்படலடா. அப்பல்லாம் கேமராவுக்கு மோட்டார் கிடையாது, நான்தான் கையால சுத்தினேன். மெதுவாச் சுத்திப் பிடிச்சா, திரையில ஓட்டும்போது எல்லாமே வேகமாப் பறக்கும், கோழிகூட. பாத்துப் பாத்து இப்ப அவரே நம்பிட்டாரு."

"அப்போ, ரயிலு?"

"நடந்து வந்துச்சு."